மகளுக்குத் தலைப்பிரசவம் ஒகினாவாவிலா, பாளையங்கோட்டையிலா? அங்கே இருந்தவர்கள் சொல்லுங்கள்

பாளை அம்மா (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். நான் பெருமாள்புரம். இதுவரை இங்கே சமையல் பகுதியில் மட்டும்தான் எழுதியிருக்கிறேன். சொதிக்கு எந்தப் பாலை எப்போது ஊற்றுவது என்று நடந்த சண்டையில் நானும் இருந்தேன், ஞாபகம் இருக்கலாம். இப்போது வேறு விஷயம்.

என் ஒரே மகளைச் சுரண்டைப் பக்கத்துக் குடும்பத்தில் கொடுத்திருக்கிறோம். சம்பந்தி வீட்டார் அமெரிக்கா போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. மாப்பிள்ளை அங்கேயே பிறந்தவர், அந்த நாட்டு விமானப்படையில் விமானம் பழுதுபார்க்கும் பிரிவில் இருக்கிறார். மகள் கிரீன் கார்டு வாங்கி டெக்சாஸில் அவரோடு இருக்கிறாள். இப்போது மூன்றாம் மாதம், ஜூலை கடைசியில் தேதி சொல்லியிருக்கிறார்கள். இந்த நேரம் பார்த்து மாப்பிள்ளைக்கு ஜப்பானில் ஒகினாவா தீவுக்கு மாற்றல் வந்துவிட்டது. கடேனா என்று ஒரு தளமாம். மே மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டுமாம், மூன்று வருடம் அங்கேதானாம்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது எங்கள் வீட்டில் யாரும் மாற்றிப் பேசாத விஷயம். என் அம்மை என்னைப் பார்த்தாள், நான் இவளைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். மகள் என்னவென்றால் "நீ இங்கே வாம்மா" என்கிறாள். அவள் அப்பா, தீவு என்றால் ராமேஸ்வரம் மாதிரியா அந்தமான் மாதிரியா என்று மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார், எனக்கு எப்படித் தெரியும். புயல் அடிக்கும், பாம்பு உண்டு, பட்டாளத்து வளாகத்துக்குள் நம்மை விடமாட்டார்கள் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அவளை ஏப்ரலில் இங்கே கூப்பிட்டுக்கொண்டு, பிள்ளைக்கு மூன்று மாதமானதும் அனுப்பலாமா? இல்லை நான்தான் போக வேண்டுமா? போனால் எத்தனை நாள் இருக்கலாம், பத்தியச் சாப்பாட்டுக்கு அங்கே என்ன கிடைக்கும்? இருந்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

கல்லிடை அப்பளம்

அம்மா, நான் கல்லிடைக்குறிச்சி. வீட்டுக்காரர் அமெரிக்க மரைன் படை. 2021-லிருந்து 2024 வரை ஒகினாவாவில் கேம்ப் ஃபாஸ்டரில் இருந்தோம், என் சின்னவன் அங்கேதான் பிறந்தான். அதனால் தலைப்பைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

அப்பாவிடம் சொல்லுங்கள், ராமேஸ்வரமும் இல்லை அந்தமானும் இல்லை. நீளம் மட்டும் நூறு கிலோமீட்டருக்கு மேல், திருநெல்வேலியிலிருந்து கன்னியாகுமரி போகிற தூரத்தைவிட அதிகம். நாஹா என்று தலைநகரம், கடை கண்ணி, நெரிசல், எல்லாம் உண்டு. ரயில்தான் கிடையாது, நாஹாவில் ஒரு மோனோரயில் ஓடுகிறது, மற்றபடி கார் இல்லாமல் முடியாது. நம் ஊர் மாதிரியே இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும். அமெரிக்கா ஆண்ட காலத்தில் வலது பக்கமாக இருந்ததாம், 1978 ஜூலை 30-ஆம் தேதி ஒரே நாளில் தீவு முழுக்க மாற்றினார்களாம். டெக்சாஸில் வலதில் ஓட்டிப் பழகிய மாப்பிள்ளை தடுமாறுவார், பாளையில் ஸ்கூட்டி ஓட்டிய உங்கள் மகளுக்குச் சுலபம்.

சரி, பிரசவம். அமெரிக்கக் கடற்படை ஆஸ்பத்திரி கேம்ப் ஃபாஸ்டருக்குள் இருக்கிறது, 2013-இல் திறந்த கட்டடம், கடேனாவிலிருந்து பக்கம்தான். அங்கே வாரம் தவறாமல் பிள்ளைகள் பிறக்கின்றன, அதைப் பற்றிக் கவலையே வேண்டாம். அமெரிக்க முறைப்படி பிள்ளை பெற்றவளுக்கு ஐஸ் தண்ணீர் கொடுப்பார்கள், நீங்கள் மட்டும் அதைப் பார்த்துச் சத்தம் போடாமல் இருக்க வேண்டும். என் அம்மா போட்டாள்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஒன்று கேட்டு வையுங்கள். மாற்றல் உத்தரவில் மகள் பெயர் ஏறியிருக்கிறதா? கமாண்ட் ஸ்பான்சர்ஷிப் என்பார்கள். குடும்பத்துக்கு மருத்துவப் பரிசோதனை வைத்து, இவரை அங்கே கவனிக்க முடியும் என்று அந்தப் பக்கம் ஒப்புக்கொண்டால்தான் அது வரும். அது இருந்தால் வீடு, ஆஸ்பத்திரி, பயணச் செலவு எல்லாம் தானாக நடக்கும், இல்லாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் அல்லாட வேண்டும். கிரீன் கார்டு போய்விடுமோ என்று மகள் பயந்தால், அதற்கும் இந்த உத்தரவுதான் மருந்து. உத்தரவுப்படி படைவீரரோடு வெளிநாட்டில் இருக்கும் மனைவியின் காலத்தை, குடியுரிமைக்கு அமெரிக்காவில் இருந்ததாகவே கணக்கில் எடுத்துக்கொள்ள 2008-இல் சட்டம் வந்துவிட்டது. தளத்திலேயே சட்ட அலுவலகம் இருக்கிறது, காசு வாங்காமல் சொல்வார்கள்.

பாளையில் பெற்றால் தப்பில்லை, ஆனால் அலைச்சல். அமெரிக்கக் குடிமகனின் பிள்ளை என்று பதிவுசெய்யச் சென்னைத் தூதரகத்துக்கு ஓட வேண்டும், பிறகு பிள்ளைக்குப் பாஸ்போர்ட், பிறகு படையின் பதிவேட்டில் பிள்ளை பெயரைச் சேர்த்து உத்தரவிலும் ஏற்ற வேண்டும். இவ்வளவும் முடிகிறவரை மாப்பிள்ளை பிள்ளை முகத்தைப் போனில்தான் பார்ப்பார். அங்கே பிறந்தால் தூதரக வேலை தீவிலேயே முடிந்துவிடும். இன்னொன்று, உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும்: இப்போது அமெரிக்கப் படையில் அப்பாவுக்கும் 12 வாரம் விடுப்பு உண்டு. மாப்பிள்ளை வீட்டில் இருப்பார், துணி மடிப்பார், ராத்திரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடப்பார். அதைக் கெடுக்காதீர்கள்.

இப்போது நீங்கள் எப்போது போவது. இதில்தான் எல்லோரும் கோட்டை விடுவது. அவர்கள் மே கடைசியில் இறங்கினதும் வீடு தயாராக இருக்காது. வீட்டுவசதி அலுவலகம் ஒதுக்குகிற வரை சில வாரம் தளத்து விடுதியில் ஒரு அறையில் கிடக்க வேண்டும், அங்கே போய் நீங்கள் குழம்பு வைக்க முடியாது. வளாகத்து வீடா வெளி வீடா என்பதையும் அந்த அலுவலகம்தான் சொல்லும், நம் இஷ்டம் இல்லை. அதனால் ஜூன் வேண்டாம். அப்புறம், ஜப்பான் விசா உறவினரைப் பார்க்கப் போகிறவருக்கு ஒரு தடவைக்கு அதிகபட்சம் 90 நாள். ஒன்பதாம் மாத வளைகாப்புக்கு என்று ஜூன் முதலிலேயே போய்விட்டால் பிள்ளை பிறந்து ஒரு மாதத்தில் பெட்டி கட்ட வேண்டியதுதான். ஜூலை இரண்டாம் வாரம் போய் இறங்கினால் அக்டோபர் முதல் வாரம் வரை இருக்கலாம். வளைகாப்புக்கு ஆசையாக இருந்தால் மார்ச்சில், ஐந்தாம் மாதத்தில், பத்து நாள் பாளைக்கு வரச் சொல்லிப் பூ வைத்து அனுப்புங்கள். ஏழாம் மாதத்தில் டெக்சாஸிலிருந்து சென்னை, மறுபடி டெக்சாஸ், அங்கிருந்து சியாட்டில், அங்கிருந்து படை விமானத்தில் ஜப்பானில் நின்று நின்று கடேனா என்றால் உங்கள் மகள் அலுத்தே போய்விடுவாள்.

நீங்கள் மகளின் விருந்தாளியாக நுழைவுச்சீட்டில் உள்ளே போகலாம். 30 நாளுக்கு மேல் தங்க எங்கள் காலத்தில் வீட்டுவசதி அலுவலகத்தில் எழுதி அனுமதி வாங்க வேண்டியிருந்தது, இதை மாப்பிள்ளையை முன்கூட்டியே கேட்டு வைக்கச் சொல்லுங்கள். வளாகத்துக் கடையில் உங்கள் கையால் காசு கொடுத்து ஒரு கத்தரிக்காய் வாங்க முடியாது, மகளோ மாப்பிள்ளையோதான் வாங்க வேண்டும். வரியில்லாத சரக்கு, அதனால் கண்டிப்பு. படை ஆஸ்பத்திரியும் உங்களுக்குக் கிடையாது. சர்க்கரை, பிரஷர் இருந்தால் மாத்திரையைச் சீட்டோடு எடுத்துக்கொள்ளுங்கள், பயணக் காப்பீடும் கட்டாயம். சளி மாத்திரையை மட்டும் அள்ளிப் போடாதீர்கள், கோடீன் கலந்தது, சூடோஎபிட்ரின் கலந்தது எல்லாம் ஜப்பானில் தகராறு.

மிக்ஸி: நம் ஊர் 230 வோல்ட் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். தளத்துக்குள் அமெரிக்கக் கரண்ட், வெளியே ஜப்பான் கரண்ட் 100 வோல்ட். மகள் டெக்சாஸில் வைத்திருக்கும் 110 வோல்ட் மிக்ஸியும் கிரைண்டரும் வெளி வீட்டில்கூட ஓடும், கொஞ்சம் மெதுவாக, மாவுக்குப் பத்து நிமிஷம் கூடுதல்.

புயல்... வரும். ஜூலையிலிருந்து அக்டோபர் வரைதான் அதிகம், நீங்கள் இருக்கும் காலம் முழுக்க. ஆனால் நம் ஊர் மாதிரி ஓடு பறக்காது, வீடெல்லாம் கனத்த கான்கிரீட். தளத்தில் 'டீகோர்' என்று எண் சொல்லுவார்கள். ஜூன் முதல் நவம்பர் வரை எப்போதும் 4. 3 என்றால் 48 மணி நேரத்துக்குள் பலத்த காற்று வரலாம், 2 என்றால் 24, 1 என்றால் 12. '1-இ' என்று வந்தால் வாசலைத் தாண்டக் கூடாது. 2023 ஆகஸ்டில் கானூன் என்ற புயல் எங்களைக் கடந்து போய்விட்டது என்று பெருமூச்சு விட்டோம், அது கடலில் திரும்பி மறுபடியும் வந்தது. என் அம்மா அப்போது அங்கேதான், "மறந்து வச்சதை எடுக்க வந்திருக்கும்" என்றாள். தண்ணீர் பிடித்து வைப்பது, செல்போன் சார்ஜ் போடுவது, மாவை முதலிலேயே ஆட்டி வைப்பது, அவ்வளவுதான். புயலைவிட எனக்குத் தொல்லை தந்தது பூஞ்சைக் காளான். பட்டுப்புடவையை அலமாரியில் மூடி வைத்தேன், பச்சை பிடித்துவிட்டது. ஈரம் உறிஞ்சும் மெஷின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

நெல்லைச் சிங்கம் 77

நம்ம ஊர்ப் பையன் அமெரிக்காக்காரன் பட்டாளத்துல, அதுவும் ஜப்பான்காரன் தீவுல. நல்லா இருக்கு கதை. இங்க வேலையே இல்லையா?

பழைய சிப்பாய்

தம்பி சிங்கம், பையன் பிறந்தது அங்கே, குடியுரிமை அங்கே, வேறு எந்தப் பட்டாளத்தில் சேருவான்? நேபாளத்துக்காரன் நம் கூர்க்கா ரெஜிமென்ட்டில் எத்தனை தலைமுறையாக இருக்கிறான், அவனை யாராவது இப்படிக் கேட்டோமா? கேள்வி பிரசவத்தைப் பற்றி. அதைப் பேசுவோம்.

பாளைத் தங்கச்சி, நான் 24 வருடம் மெட்ராஸ் ரெஜிமென்ட். அமெரிக்கா எல்லாம் எனக்குத் தெரியாது, பட்டாளத்துக் குடும்பம் தெரியும். என் மூத்தவள் பிறந்தபோது நான் ஃபீல்டில் இருந்தேன். தந்தி வந்து கையில் கிடைத்தது நாலாவது நாள், லீவு கிடைத்து களக்காட்டுக்கு வந்து பிள்ளையைப் பார்த்தது அறுபது நாள் கழித்து. மேலே அந்தத் தங்கச்சி 12 வாரம் லீவு என்று எழுதியிருக்கிறது, சந்தோஷம்தான், ஆனால் பட்டாளத்து லீவு காகிதத்தில் இருக்கிற வரைக்கும்தான் லீவு. திடீரென்று எங்கேயாவது போகச் சொன்னால் மாப்பிள்ளை போகத்தான் வேண்டும். அதனால் அவர் இல்லாவிட்டாலும் நடக்கிற மாதிரி ஏற்பாடு செய்யுங்கள். மகள் கார் ஓட்டப் பழகியிருக்க வேண்டும், வங்கிக் காரியத்துக்கும் வீட்டுக் காரியத்துக்கும் பவர் எழுதி அவள் கையில் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்களோடு முதல் வாரமே பழகிவிட வேண்டும். என் வீட்டுக்காரிக்கு அம்பாலாவில் பிரசவம் பார்த்த மாதிரிப் பக்கத்தில் நின்றது ஒரு பஞ்சாபி அம்மா, அவர்கள் பேசினது இவளுக்குப் புரியாது, இவள் பேசினது அவர்களுக்குப் புரியாது, இன்றைக்கும் தீபாவளிக்குப் போன் வருகிறது.

நான் சொல்வேன், நீங்கள் போங்கள். மகளைப் புருஷனிடமிருந்து பிரித்துக் கூட்டி வராதீர்கள். நாங்கள் பிரிந்திருந்தோம், வேறு வழி இல்லை. இவர்களுக்கு வழி இருக்கிறது.

கல்லிடை அப்பளம்

அண்ணாச்சி சொன்னது நூற்றுக்கு நூறு. விமானப்படைப் பிரிவுகளில் முன்பு 'கீ ஸ்பவுஸ்' என்பார்கள், இப்போது 'கீ சப்போர்ட் லியாசன்' என்று ஒருவர் இருப்பார், குடும்பங்களைக் கவனிக்கிற பொறுப்பு. போகும் முன்பே மாப்பிள்ளையின் பிரிவிலிருந்து ஒரு ஸ்பான்சரையும் போடுவார்கள், விமான நிலையத்தில் வந்து கூட்டிப் போவது அவர்தான். இருவர் எண்ணையும் மகள் வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.

விநாராயணம் கடைக்காரர்

எங்கள் ஊர் விஜயநாராயணத்திலேயே கடற்படைத் தளம் இருக்கிறது, ஐஎன்எஸ் கட்டபொம்மன், 1990-லிருந்து. நாங்குநேரி தாண்டும்போதே அந்தக் கோபுரங்கள் தெரியுமே. கடைக்கு வருகிற குடும்பங்கள் பாதிக்குப் பாதி பீகார், ஹரியானா, ஒடிசா. ஒரு பீகார்ப் பெண்ணுக்குப் பிள்ளை பிறந்தது, அவள் அம்மாவுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை, எங்கள் அம்மை போய்த்தான் பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக் கொடுத்தாள். அந்தப் பெண் மூன்று வருடத்தில் "என்ன அண்ணாச்சி, தேங்காய் சின்னதா இருக்கு" என்று சண்டை போடுகிற அளவுக்குத் தமிழ் படித்துவிட்டுத்தான் போனாள். உங்கள் மகளுக்கும் அங்கே ஒரு கடைக்காரன் கிடைப்பான், கவலைப்படாதீர்கள்.

குற்றாலச் சாரல்

அம்மா, நான் தென்காசி. படையில் இல்லை, ஒகினாவாவில் ஒன்னா என்ற ஊரில் இருக்கும் அறிவியல் தொழில்நுட்பப் பட்டமேற்படிப்புப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் ஆராய்ச்சியில் இருந்தேன். வேலிக்கு வெளியே இருந்தவன் பார்வையில் கொஞ்சம் சொல்கிறேன்.

சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம். அந்த ஊர்க்காரர்களின் தேசியக் காய் பாகற்காய். கோயா என்பார்கள், முட்டையும் டோஃபுவும் போட்டுப் புரட்டுவார்கள். பீர்க்கை வகைக் காயை வதக்கிச் சாப்பிடுவார்கள், பப்பாளிக் காயைத் துருவிப் பொரியல் மாதிரி செய்வார்கள், மஞ்சளைத் தேநீராகக் குடிப்பார்கள். கரும்பு வெல்லம் கட்டியாகக் கிடைக்கும், நல்ல கறுப்பு, ஆனால் கருப்பட்டி ஆகாது. சுக்குக் கருப்பட்டிக்கு உடன்குடிச் சரக்கையே கொண்டுபோங்கள். அரிசி எல்லாம் ஒட்டுகிற ரகம். அவாமோரி என்று அந்த ஊர்ச் சாராயம் காய்ச்ச மட்டும் தாய்லாந்திலிருந்து நீள அரிசி வரவழைக்கிறார்கள், எனக்கு அது பெரிய வயிற்றெரிச்சல். தளத்துக் கடையில் நீள அரிசி கிடைக்கும் என்று படைக்காரர் ஒருவர் வாங்கித் தருவதாகச் சொன்னார், அது சட்டப்படி தப்பு என்று பிறகு தெரிந்தது.

கறிவேப்பிலைக் கொத்தையோ செடியையோ பெட்டியில் வைக்காதீர்கள். பயிர்ச் சான்றிதழ் இல்லாமல் இலை, காய், விதை எதையும் விடமாட்டார்கள், கருவாடு தவிர்த்த இறைச்சி வகை எதுவும் கூடாது. அந்தத் தீவிலிருந்து பச்சைச் சர்க்கரைவள்ளிக் கிழங்கை ஜப்பானின் மற்ற பகுதிக்கே கொண்டுபோக முடியாது, கூன்வண்டு பரவும் என்று. அவ்வளவு கறார். நன்றாகக் காய்ந்த மசாலாப் பொடிக்குப் பிரச்சினை வந்ததில்லை எனக்கு.

பாம்பு உண்டு, ஹபு என்று விஷப்பாம்பு, ராத்திரியில்தான் நடமாட்டம். இதில் நம் பங்கும் இருக்கிறது. 1910-இல் ஹபுவை ஒழிக்க நம் வங்காளப் பக்கத்திலிருந்து கீரிகளைக் கொண்டுபோய் விட்டார்கள். கீரி பகலில் சுற்றும், பாம்பு இரவில் சுற்றும், இரண்டும் சந்திக்கவே இல்லை. கீரி அங்கே இருந்த பறக்காத பறவைகளைத் தின்றுகொண்டு சுகமாக இருந்தது. இன்று வரை அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். புல் வளர்ந்த இடத்தில் இரவில் செருப்பில்லாமல் போகாமல் இருந்தால் போதும், நான் நான்கு வருடத்தில் ஒன்றைக்கூட உயிரோடு பார்க்கவில்லை.

ஒன்று மட்டும் உங்கள் மகள் தெரிந்துகொண்டு போக வேண்டும். அந்தத் தளம் சும்மா காட்டில் இருக்கவில்லை. ஜப்பான் நிலப்பரப்பில் 0.6 சதவீதம்தான் ஒகினாவா, ஆனால் அமெரிக்கப் படைக்கென்றே கொடுத்த இடத்தில் சுமார் 70 சதவீதம் அங்கே. கடேனா ஊரை எடுத்தால் 80 சதவீதத்துக்கு மேல் தளத்துக்குள். எனக்கு வாடகைக்கு வீடு கொடுத்த தாத்தாவின் பூர்வீக நிலம் அங்கே வேலிக்குள்தான் இருக்கிறது. வருடாவருடம் அரசாங்கம் வாடகை தருகிறது, அதையும் வாங்கிக்கொள்வார், விமானச் சத்தம் கேட்டால் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு முகத்தைச் சுளிப்பார். 1945 போரில் அந்த மக்களில் நான்கில் ஒருவர் செத்தார் என்பார்கள். 1995-இல் ஒரு சிறுமிக்குப் படைவீரர்கள் செய்த கொடுமைக்குப் பிறகு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. 2019-இல் ஹெனோகோவில் புதுத் தளத்துக்குக் கடலைத் தூர்ப்பது பற்றி வாக்கெடுப்பு வைத்தபோது வாக்களித்தவர்களில் 72 சதவீதம் வேண்டாம் என்றார்கள். வேலை நின்றதா? இல்லை. வாயிலில் பதாகையோடு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் மகள் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் தாத்தா பாட்டிகள். அவர்கள் கோபம் தளத்தின் மேல், பிள்ளை வைத்திருக்கும் பெண்ணின் மேல் இல்லை. படைக்காரர் வண்டி எண்ணில் 'ஒய்' எழுத்து இருக்கும், ஊர் முழுக்க அடையாளம் தெரியும், அதனால் கொஞ்சம் பொறுமையாக ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். ஜூன் 23 அவர்களுக்குப் போர் நினைவு நாள். அன்றைக்கு மட்டும் ஆரவாரமாக எதுவும் வேண்டாம்.

வெளி வீடு கிடைத்தால் குப்பையைப் பிரித்துப் போடப் பழகுங்கள். எரிகிறது ஒரு நாள், எரியாதது ஒரு நாள், பாட்டில் ஒரு நாள், பைகூட ஊராட்சி சொன்ன பைதான். நான் முதல் மாதம் தப்பாகப் போட்ட பையை யாரோ மடித்து என் வாசலிலேயே கொண்டுவந்து வைத்திருந்தார்கள், ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் ரொம்ப அவமானமாக இருந்தது.

பாளை அம்மா

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ராத்திரி முழுவதும் இரண்டு தடவை படித்தேன், இவருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அண்ணாச்சி எழுதியதைக் கேட்டுவிட்டு இவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை, பிறகு "நீ போயிட்டு வா, எனக்கு ஓட்டல் இருக்கு" என்றார். அதுவே எங்கள் வீட்டில் பெரிய விஷயம்.

மகளிடம் பேசினேன். உத்தரவில் பெயர் ஏறிவிட்டதாம், பரிசோதனையும் முடிந்ததாம், கிறுக்கு, என்னிடம் சொல்லவே இல்லை. மார்ச்சில் பத்து நாள் வருகிறாள், பூ வைத்து அனுப்புகிறோம். நான் ஜூலை 10 வாக்கில் கிளம்பலாம் என்று இருக்கிறேன். சென்னையிலிருந்து நேராக விமானம் இல்லை என்கிறார்களே, நடுவில் மாறத் தெரியாதவளுக்கு எந்த ஊர் வழியாகப் போனால் சுலபம்? அப்புறம் ஒரு சந்தேகம். பிரசவ மருந்தை மிக்ஸியில் அரைத்தால் சரிவராது என்று எங்கள் ஆச்சி சொல்லுவாள். இவர் காலையிலிருந்து சின்ன அம்மியைக் குளியலறைத் தராசில் வைத்து எடை பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கல்லிடை அப்பளம்

சிங்கப்பூர் வழி போங்கள் அம்மா, விமான நிலையத்தில் தமிழிலேயே பலகை இருக்கும், தமிழ் பேசுகிற ஆளும் இருப்பார்கள். சக்கர நாற்காலி உதவி கேட்டுப் பதிவு செய்யுங்கள், கால் நன்றாக இருந்தாலும் பரவாயில்லை, அவர்களே அடுத்த விமானத்தில் கொண்டுபோய் விடுவார்கள். மருந்தை நாட்டு மருந்துக் கடையிலேயே பொடியாகத் திரித்துச் சீல் வைத்துக் கேளுங்கள். அம்மியைக் கீழே இறக்கி வைக்கச் சொல்லுங்கள் அப்பாவை.